தோர்ன்பெக்கின் ஒற்றைக் கத்தோலிக்கன்

தோர்ன்பெக் சபையில் ஒரு மனசாட்சியின் விலை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஷில்லிங். லண்டனில் ராணியின் மன்றத்தார் உட்கார்ந்து கட்டிய விலை. பேரம் கிடையாது, வருஷத்துக்கு மொத்தமாக எடுத்தாலும் தள்ளுபடி கிடையாது. ராணியின் கோயிலுக்குப் போய், ராணியின் ஜெபப் புத்தகத்தின்படி ஆராதனை கேட்கிறவனுக்கு மனசாட்சி இலவசம். வீட்டிலேயே உட்கார்ந்து பழைய பூசையை நினைத்துக்கொண்டிருப்பவன்தான் காசு கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சேணம் தைக்கும் கில்பர்ட் ஸ்டாட் பதினோரு வருஷமாகக் காசு கொடுத்துத்தான் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு ஷில்லிங் என்பது அவனுக்கு இரண்டு நாள் குத்தூசி வேலை. வாரத்தில் நான்கு நாள் வயிற்றுக்கு, இரண்டு நாள் அபராதத்துக்கு, ஏழாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு மனைவி ஜெனட்டோடு செபமாலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோயில் தர்மகர்த்தா ராஃப் கணக்குப் புத்தகத்தோடு வருவான். கம்பளி வியாபாரி, கில்பர்ட்டோடு ஒன்றாக ஓடையில் மீன் பிடித்து வளர்ந்தவன். அடுப்பருகே உட்கார்ந்து, ஜெனட் சுட்ட ஓட்ஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்று, 'வராதவர் கில்பர்ட், பதின்மூன்று ஞாயிறு' என்று வாசித்து (கணவன் பெயரிலேயே மனைவியும் அடக்கம்), பதின்மூன்று ஷில்லிங்கை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொள்வான். கிளம்பும்போது கில்பர்ட்டின் முழங்கால் வலியை விசாரிக்காமல் போனதில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு எந்த வருத்தமும் கிடையாது.

இவ்வளவு நஷ்டத்தில் ஒரு மனிதன் ஏன் சரக்கைப் பிடித்து வைத்திருந்தான் என்றால், அதற்குக் காரணம் பண்ணையார் சர் மார்மடியூக் சொன்ன ஒரு வாக்கியம். ஊர் நிலம் முழுக்க அவருடையது. வேஷம் போட்ட பாதிரியார் ஒருவர் வருஷத்துக்கு இருமுறை ஊசிநூல் விற்கிறவரைப்போல வந்து அவர் மாளிகை மச்சில் பூசை வைப்பார். கில்பர்ட்டும் ஜெனட்டும் பின்வாசல் வழியாகப் போவார்கள். முதல் அபராதம் விழுந்த அன்று பண்ணையார் அவன் தோளில் கையை வைத்து, "கில்பர்ட்டு, இந்த ஊர்ல மிச்சம் இருக்கிறது நாம ரெண்டு பேருதான். நீ தளர்ந்தா நானும் தளர்ந்துடுவேன்" என்றார். தன்னை நம்பி ஒரு பண்ணையார் நிற்க முடியும் என்பதை கில்பர்ட் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு அவன் இதுவரை கட்டியது ஐந்நூற்று எழுபத்திரண்டு ஷில்லிங்.

அந்தக் குளிர்காலத்தில் ஜெனட்டுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஜனவரி முடிவதற்குள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. ஒருநாள் அவளே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, என்னை எங்க பொதைக்கப் போறீங்க?"

"என்ன பேச்சு இது."

"சேணம் தைக்கிறவரு, அளவெடுக்காம வேலை ஆரம்பிப்பீங்களா? சொல்லுங்க."

அபராதத்தோடு சபைநீக்கமும் விழுந்திருந்த அவர்கள் வீட்டாருக்குக் கோயில் மண்ணில் இடமில்லை. கோயிலின் தெற்குச் சுவரை ஒட்டி, கல்லறைத் தோட்டத்து யூ மரத்தடியில், அவர்களுடைய மூன்று பிள்ளைகள் கிடந்தார்கள். அபராதச் சட்டம் வருவதற்கு முன்னால், ஒரே காய்ச்சலில் போனவர்கள்.

"ஆத்துமாவப் பத்தி எனக்குக் கவல இல்ல. அது வழி கேட்டுக்கிட்டுப் போயிடும். ஒடம்புக்குத்தான் எடம் வேணும். சின்னவ பக்கத்துல கொஞ்சம் எடம் இருக்கு, நான் பாத்து வெச்சிருக்கேன்."

"அதுக்கு நான் ராணி கோயிலுக்குப் போகணும்."

"போயிட்டு வாங்களேன். பதினோரு வருஷம் உங்க மனசாட்சிக்கு நான் ரொட்டி சுட்டுப் போட்டேன். ஒன்பது வாரம் எனக்காக அத வெளிய நிக்கச் சொல்லுங்க."

ஒன்பது வாரம் என்பது சட்டம். வீட்டுத் தலைவன் திருந்தி ஒன்பது ஞாயிறு தொடர்ந்து ஆராதனைக்கு வந்தான் என்று தர்மகர்த்தாக்கள் இருவரும் கையெழுத்துப் போட்டால், வீட்டார் எல்லோருக்கும் சபைநீக்கம் நீங்கிவிடும். கில்பர்ட் அன்று முழுக்க ஒரு வாரில் ஒரே தையலைப் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் ராஃப் வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறேன் என்றான்.

ராஃப் கையிலிருந்த பீர் குவளையைக் கீழே வைத்தான்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நான் வரலன்னுதானே பதினோரு வருஷமா அபராதம் வாங்கினீங்க."

"அது சரி. அதுக்காக வந்துடுவியா?" ராஃப் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான். "கில்பர்ட்டு, கொஞ்சம் நெதானமா யோசி. கோயில் கூரைக்கு ஈயத் தகடு வாங்கியிருக்கோம். வருஷத்துக்கு அம்பத்திரண்டு ஷில்லிங், ஆறு வருஷத் தவணை. ரெண்டு வருஷம்தான் ஆகியிருக்கு. மீதி நாலு வருஷத்துக்கு நீதான்யா கூரை."

"எனக்குத் தெரியாதே."

"ஒங்கிட்ட சொன்னா கர்வம் வந்துடும்னு சொல்லல. அதவிடப் பெரிய சங்கடம் ஒண்ணு இருக்கு. பிஷப்பு கேள்வித்தாள் அனுப்புவார்ல, 'உங்கள் சபையில் போப்பு கட்சிக்காரர் எத்தனை பேர்?'னு. பக்கத்து ஊர்க்காரன் 'ஒருத்தரும் இல்லை, எல்லாம் நலம்'னு எழுதினான். 'ஒருத்தரும் இல்லையா? அப்ப நீங்க சரியாத் தேடலன்னு அர்த்தம்'னு ரெண்டு தர்மகர்த்தாவையும் யார்க் நகரத்துக்கு இழுத்துட்டுப் போயி பத்து நாள் ஒக்கார வெச்சுட்டாரு. நாலு பேருன்னு எழுதினா, இத்தனை பேர ஏன் வளர விட்டீங்கன்னு கேப்பாரு. ஒண்ணுதான் சரியான எண்ணிக்க. நாங்க ரொம்பக் கவனமா இருக்கோம்னும் தெரியும், சபை சுத்தமா இருக்குன்னும் தெரியும்."

"என் பொஞ்சாதி சாகக் கெடக்கறா, ராஃபு."

ராஃபின் முகம் உண்மையாகவே வாடியது. "ஜெனட்டா? அய்யோ. அந்தப் பொம்பள சுடற ரொட்டி..." என்று ஆரம்பித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி, வா. சட்டம் எல்லாருக்கும் தொறந்துதான் இருக்கு. ஆனா முறைப்படி வரணும்."

முறைப்படி என்பதில்தான் விஷயம் இருந்தது.

முதல் ஞாயிறு, மணி அடிப்பதற்கு முன்பே கில்பர்ட் போய்த் தன் பழைய பெஞ்சில் உட்கார்ந்தான். பதினோரு வருஷமாக யாரும் உட்காராத பெஞ்சு. சுவரில் இருந்த அப்போஸ்தலர்களைச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். வண்ணக் கண்ணாடியில் இருந்த புனிதர்களை உடைத்தெடுத்துவிட்டு வெறும் கண்ணாடி போட்டிருந்தார்கள். குருவானவர் டாப்சன் பிரசங்க மேடையில் ஏறி மணற்கடிகையைத் திருப்பி வைத்தார். போப்பின் சபையைப் பாபிலோன் வேசி என்று திட்டி ஆரம்பித்து, "அதோ, அந்தக் காலிப் பெஞ்சைப் பாருங்கள்" என்று கையை நீட்டினார். பெஞ்சில் கில்பர்ட் இருந்தான். குருவானவர் வாயைத் திறந்தபடி நின்றார். பதினோரு வருஷமாக அவருடைய பிரசங்கம் அந்தக் காலி இடத்தில் ஊன்றித்தான் எழும்பியிருக்கிறது. அன்றைக்கு அரைக் கடிகை மணலோடு இறங்கிவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் ராஃபும், இன்னொரு தர்மகர்த்தாவான மாவுமில்காரன் வால்டரும் வாசலில் நின்றார்கள்.

"வரலன்னு எழுதியிருக்கு" என்றான் வால்டர்.

"நான் இங்கதானே ஒக்காந்திருந்தேன்."

"ஒக்காந்திருந்தீங்க. ஆனா குருவானவர் 'காலிப் பெஞ்சு'ன்னு சொல்லிட்டாரு. பிரசங்க மேடையிலேருந்து ஒரு வார்த்த வந்தா அது சத்தியம். நாங்க அதுக்கு எதிரா எழுத முடியுமா?"

இரண்டாம் ஞாயிறு கில்பர்ட் தூணுக்குப் பக்கத்தில் நின்றான். தூண் மறைத்தது, கண்ணில் படவில்லை, ஆகவே வரவில்லை. மூன்றாம் ஞாயிறு நடுக்கூடத்தில் எல்லோரும் பார்க்க நின்றான். உடம்பு வந்தது, உதடு அசையவில்லை, ஆகவே வரவில்லை. நான்காம் ஞாயிறு உதட்டை நன்றாக அசைத்தான். லத்தீனில் அசைந்ததாக வால்டருக்குப் பட்டது. வால்டருக்கு லத்தீன் தெரியாது. "தெரியாததனாலதான் சொல்றேன், புரிஞ்சிருந்தா அது நம்ம பாஷையா இருக்கும்ல" என்றான். ஐந்தாம் ஞாயிறு கில்பர்ட் ராணியின் ஜெபத்தை ஊரே கேட்கும்படி உரக்கச் சொன்னான். திருந்தினவன் இவ்வளவு சத்தம் போடமாட்டான், இது பரிகாசம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்து ஜெனட்டிடம் சொன்னான். அவள் இருமிக்கொண்டே சிரித்தாள். ஐந்தாவது வாரம் சிரிக்கவில்லை.

ஆறாம் ஞாயிறுதான் அவன் முன்வரிசையைக் கவனித்தான். பண்ணையார் குடும்பத்துக்கு உரிய பெஞ்சில் ஒரு வெல்வெட் மெத்தை. மெத்தைமேல் ஒரு கருப்புத் தொப்பி, மயிலிறகு செருகியது. பக்கத்தில் பண்ணையாரின் ஆள் ஒருவன். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எல்லோரும் எழுந்தார்கள். அந்த ஆள் தொப்பியை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினான். ஜெபத்துக்கு எல்லோரும் முழங்காலிட்டபோது தொப்பியைக் கொஞ்சம் சாய்த்தான். குருவானவர் மேடையிலிருந்து இறங்கியதும் முதல் வணக்கம் தொப்பிக்குத்தான்.

வாசலில் கில்பர்ட் கேட்டான். "அது என்ன, ராஃபு?"

"எது? ஓ, அதுவா. பண்ணையார்."

"அது தொப்பி."

"அவரு தொப்பி. பதினோரு வருஷமா ஒரு ஞாயிறு தவறினதில்ல. மழையானாலும் வந்துடும். உன்ன மாதிரியா?"

"அவருக்கு அபராதம்?"

"வந்தவருக்கு எதுக்குய்யா அபராதம்? புத்தகத்தப் பாரு, எல்லா வாரமும் 'வந்தார்'. திருவிருந்து அப்பம் மட்டும் எடுத்துக்கறதில்ல. அக்கம்பக்கத்தாரோட பகை இருக்கும்போது திருவிருந்து எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்குல்ல? எல்லைத் தகராறுல மனசு கொதிக்குதுன்னு வருஷா வருஷம் சொல்லி அனுப்பிச்சுடும்."

"தொப்பிக்கு எல்லைத் தகராறா?"

"நிலம் அதிகம் இருந்தா தகராறு இருக்கத்தான் செய்யும்" என்றான் ராஃப்.

கில்பர்ட் நேரே மாளிகைக்குப் போனான். இந்த முறை முன்வாசல் வழியாகப் போனான். பண்ணையார் வறுத்த வாத்தோடு மேஜையில் இருந்தார். தபசுகாலம், பழைய மதத்துக்கு அது இறைச்சி ஆகாத நாள். கில்பர்ட் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"வேலைக்காரங்க மத்தியில சந்தேகம் வரக் கூடாதுன்னு சாப்பிடறேன், கில்பர்ட்டு. ஒவ்வொரு கடிக்கும் உள்ளுக்குள்ள அழறேன். உட்காரு."

"தொப்பியப் பாத்தேன், எஜமான்."

"நல்ல தொப்பி."

"பதினோரு வருஷமா வருதுன்னு சொன்னாங்க. நான் தளர்ந்தா நீங்களும் தளர்ந்துடுவீங்கன்னு சொன்னீங்களே."

சர் மார்மடியூக் விரலைத் துடைத்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையைச் சொல்கிறவரின் பொறுமை இருந்தது.

"நீ தளரலையே, அதனாலதான் நானும் தளரல. யோசிச்சுப் பாரு. ஒரு சபையில ஒருத்தன் மாட்டினா போதும்னு தர்மகர்த்தாங்க நினைக்கிறாங்க. அந்த ஒருத்தன் நானா இருந்தா என்ன ஆகும்? எனக்கு ஷில்லிங் கணக்கு இல்லை, மாசத்துக்கு இருபது பவுண்டு. நிலம் போகும், மச்சு போகும், பாதிரியாருக்கு எறங்க எடம் போகும். விசுவாசமே அழிஞ்சிடும். அதனால நான்தான் ராஃபைக் கூப்பிட்டு, 'ஒரு பேர் வேணும்னா கில்பர்ட் பேரைப் போட்டுக்கோ, அவன் உறுதியானவன்'னு சொன்னேன். அவன் முதல்ல ஒத்துக்கல. சிநேகிதன்னான். நான்தான் எடுத்துச் சொன்னேன். இப்படி ஒரு மரியாதைய ஒனக்கு வேற யார் குடுத்திருப்பா?"

கில்பர்ட் நின்றுகொண்டே இருந்தான்.

"ஜெனட் சாகப் போறா, எஜமான். பிள்ளைங்க பக்கத்துல எடம் கேக்கறா. நீங்க ஒரு வார்த்த சொன்னா ராஃப் எழுதிடுவான்."

"நான் சொன்னா, ஏன் சொல்றேன்னு பிஷப்பு கேப்பாரே. ஒரு கத்தோலிக்கனுக்காகப் பரிஞ்சு பேசறவன் யாருன்னு தோண்டுவாங்க." அவர் கண் கலங்கியது, கலங்கியது நிஜம். "அவளுக்காக மச்சில ஒரு பூசை வைக்கச் சொல்றேன். செலவு என்னுது. நீ மட்டும் கோயிலுக்குப் போறத நிறுத்திடு. நீ போயிட்டா அடுத்த பேர் யாருதுன்னு தேடுவாங்க, இல்லையா?"

முன்வாசல் வழியாகவே கில்பர்ட் வெளியே வந்தான். வழி முழுக்க அவன் யோசித்துப் பார்த்தான்: பாதிரியாரையும் ராணியையும் பிஷப்பையும் அவனால் புரிந்துகொள்ள முடிந்தது. தன் தோளில் விழுந்த அந்தக் கையைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜெனட்டிடம் அவன் இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டது கல்யாணமான இருபத்திநான்கு வருஷத்தில் அதுவே முதல் தடவை.

ஏழு, எட்டு, ஒன்பது ஞாயிறும் போனான். ஆறாவதையும் சேர்த்து நான்கிலும் வரவில்லை என்று எழுதினார்கள். ஏழாம் ஞாயிறு குருவானவர், பெஞ்சு நிரம்பியிருந்தாலும் இதயம் காலி என்ற புதிய பிரசங்கத்தைக் கண்டுபிடித்து மூன்று கடிகை பேசினார். காரணம் சொல்வதைத் தர்மகர்த்தாக்கள் அதோடு விட்டுவிட்டார்கள்.

பத்தாவது வாரம் வெள்ளிக்கிழமை ஜெனட் இறந்தாள். கடைசியாக அவள் கேட்டது, "கையெழுத்துப் போட்டாங்களா?" கில்பர்ட் "போட்டுட்டாங்க" என்றான்.

சனிக்கிழமை காலையில் ராஃபைத் தேடிப் போனான். ராஃப் அழுதான். பிறகு புத்தகத்தை எடுத்தான்.

"காலாண்டு முடிஞ்சிருக்கு. பழசக் கட்டினாத்தான் புதுசு பேச முடியும், அதுதான் முறை. ஜனவரி வரைக்கும் கட்டிட்ட, அதுக்கப்புறம் எழுதினது ஒன்பது ஞாயிறு. மொதல்ல அதக் கட்டிடு, அப்புறம் வால்டரையும் கூப்பிட்டுப் பேசலாம்."

கில்பர்ட் ஒன்பது ஷில்லிங்கை எண்ணி வைத்தான். ராஃப் இரண்டுமுறை எண்ணினான். வால்டரும் வந்து சேர்ந்தான். மூவரும் புத்தகத்தைச் சுற்றி நின்றார்கள்.

"ஒன்பது ஞாயிறு வராததுக்கு அபராதம் கட்டிட்டாரு" என்று வால்டர் வாசித்தான். "அப்ப வரலன்னு அவரே ஒத்துக்கிட்டாரே. இனிமே எப்படி வந்தாருன்னு கையெழுத்துப் போடறது? ரெண்டு புத்தகம் வெச்சு எழுத இதென்ன கடையா?"

கில்பர்ட் ராஃபைப் பார்த்தான். ராஃப் புத்தகத்தைப் பார்த்தான்.

"ராஃபு, காசு வாங்கறப்போ ஒனக்கு இது தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாது" என்றான் ராஃப். "தெரியாதுன்னும் சொல்ல முடியாது. பாரு, மேட்டு வெளியில, ஆட்டுக் கிடைக்கு அந்தாண்ட நல்ல எடம் இருக்கு. காத்தோட்டமா இருக்கும். அங்க பொதைக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. வண்டி வேணும்னா என்னுது தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. தோர்ன்பெக் முழுக்கக் கோயிலுக்குள் போனது. ஏழு வயதுக்கு மேற்பட்ட எவரும் வெளியே நிற்கக் கூடாது என்பது சட்டம்; ஆராதனை முடியும்வரை எழுந்து வெளியே போகக் கூடாது என்பதும் சட்டம். அந்த மூன்று மணி நேரம் ஊரில் ஆடும் நாயும் தவிர யாரும் இருக்க முடியாது. இப்படி ஒரு வசதியை ராணியின் மன்றத்தார் செய்து வைத்திருப்பது கில்பர்ட்டுக்கு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

ஜெனட்டைக் கோடித்துணியில் சுற்றித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், கோயிலின் தெற்குச் சுவருக்கு வந்தான். யூ மரத்தடியில் சின்னவளுக்கும் சுவருக்கும் நடுவே மண்வெட்டியை இறக்கினான். இறுகாத மண், ஆனால் கல் நிறைய. ஒவ்வொரு கல்லிலும் மண்வெட்டி மோதிச் சத்தம் போட்டது. உள்ளே குருவானவர் வாக்கியத்தின் நடுவில் நின்றார்.

புனிதர்களை உடைத்துவிட்டுப் போட்ட வெறும் கண்ணாடி வழியாக எல்லாம் நன்றாகத் தெரிந்தது. இருபது தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. வால்டர் எழுந்தான். ராஃப் அவன் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். ஜன்னலில் ஒரு கண்ணாடிச் சில்லு விட்டுப் போயிருந்தது. பேச்சு வெளியே கேட்டது.

"எங்க போற? நடுவுல எழுந்து போனா ஒரு ஷில்லிங்."

"நாம தர்மகர்த்தாய்யா."

"அதனாலதான் ரெட்டிப்பா எழுதணும்."

வால்டர் உட்கார்ந்தான். குருவானவர் மறுபடி ஆரம்பித்தார். மணல் இன்னும் பாதி இருந்தது, நிறுத்த அவருக்கும் வழியில்லை. கில்பர்ட் தோண்டினான். நெஞ்சளவு ஆழம் போனதும், மேலிருந்து இறக்கித் தர ஆள் இல்லாததால், ஏறி வந்து வண்டியை விளிம்புக்குத் தள்ளிவிட்டு, மறுபடி குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு, அவளை வண்டியிலிருந்து கையில் வாங்கிக் கீழே கிடத்தினான். மிகவும் இலேசாக இருந்தாள். லத்தீனில் ஒரு ஜெபம் தெரியும், ராணியின் ஜெபமும் இப்போது மனப்பாடம். இரண்டையும் சொல்ல வாய் வரவில்லை. "சின்னவ பக்கத்துலதான் போட்டிருக்கேன், புள்ள" என்றான். ஏறி வந்து மண்ணைத் தள்ளினான்.

ஆராதனை முடிந்து ஊர் வெளியே வந்தபோது அவன் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை ராஃப் புத்தகத்தோடு வந்தான். அடுப்பருகே உட்கார்ந்தான். ரொட்டி இல்லை.

"வால்டர் தோண்டி எடுக்கணும்னு சொன்னான். அதுக்குப் பிஷப்பு உத்தரவு வேணும், உத்தரவுக்குக் கட்டணம் பதினாலு ஷில்லிங், தோண்டறவனுக்குக் கூலி தனி. கூரைக்கே காசு பத்தல. அதனால யாரும் யாரையும் பொதைக்கலன்னு எழுதிட்டோம்." புத்தகத்தை விரித்தான். "ஆனா நேத்து நீ ஆராதனைக்கு வரல. அது எல்லாருக்கும் தெரியும். ஒரு ஷில்லிங் ஆகுது, கில்பர்ட்டு."

"ஆமா, நேத்து நான் வரல" என்றான் கில்பர்ட். "அது உண்மை. அந்த ஒரு ஷில்லிங் நான் கட்ட வேண்டியதுதான். புத்தகத்த இங்க வை."

பேனாவை வாங்கி, ராஃபின் எழுத்துக்குக் கீழே, தன் சேணக் கணக்கு எழுதுகிற கோணல் எழுத்தில் எழுதினான். பண்ணையார் பெயரில் ஒரு வரி ஆரம்பித்தான். அந்தப் பாக்கியை எந்த நாணயத்தில் எழுதுவது என்று தெரியாமல் அடித்துவிட்டான். மற்றது நேரான கணக்கு.

வந்து உட்கார்ந்தும் வரவில்லை என்று கில்பர்ட் ஸ்டாட்டிடம் வாங்கியது, ஒன்பது ஷில்லிங். உண்மையிலேயே வராத ஞாயிறு ஒன்று, அதற்குக் கழிவு ஒரு ஷில்லிங். தோர்ன்பெக் சபை கில்பர்ட் ஸ்டாட்டுக்குத் தரவேண்டிய பாக்கி, எட்டு ஷில்லிங்.